ஷார்ஜாவில் வெள்ளிக்கிழமை: வாசகர் கேள்விகளும் என் பதில்களும்

போன இதழில் போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன்: ‘ஷார்ஜா ஸ்டேடியத்துக்கும் நான் தங்கியிருந்த ரூமுக்கும் நடக்கிற தூரம்தான்.’ விசா, சம்பள பாக்கி, ஊருக்குப் பணம் அனுப்புவது என்று நான் மாய்ந்து மாய்ந்து எழுதியதை யாரும் கண்டுகொள்ளவில்லை. வந்த கடிதங்களில் முக்கால்வாசி அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டவைதான். சரி, இந்த முறை முழுக்க கிரிக்கெட். புதிதாகப் படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: 1984 நவம்பரில் ஷார்ஜா போனவன் நான். இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் ஒரு உதிரிபாகக் கடையில் ஸ்டோர் கீப்பர். 2019-ல் திருத்துறைப்பூண்டிக்கே திரும்பி வந்தாயிற்று.

வெள்ளிக்கிழமையில் ஷார்ஜாவில் பாகிஸ்தானை இந்தியா ஜெயிக்கவே ஜெயிக்காது என்று என் அப்பா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அது உண்மையா, மனப்பிராந்தியா?
*மயிலாடுதுறையிலிருந்து ஓர் ஆசிரியர்*

உங்கள் அப்பா மட்டுமில்லை சார், எங்கள் ரூமில் இருந்த எட்டுப் பேரில் ஆறு பேர் அதை வேதவாக்காக நம்பினார்கள். நானும்தான். ஊருக்கு வந்த பிறகு, பேரனை விட்டுப் பழைய தேதிகளுக்குக் கிழமை பார்க்கச் சொன்னேன். அதைச் சொல்கிறேன், கேளுங்கள்.

1984 ஏப்ரல் 13, ஆசியக் கோப்பை. பாகிஸ்தானை இந்தியா 54 ரன்னில் ஜெயித்தது. கிழமை வெள்ளி. 1985 மார்ச் 22, இம்ரான் கான் 14 ரன் கொடுத்து 6 விக்கெட் எடுக்க, நாம் 125-க்குச் சுருண்டோம். திரும்ப வந்து அவர்களை 87-ல் மடக்கினோம். அதுவும் வெள்ளி. ஆக, கணக்கு நம் பக்கம்தான் ஆரம்பித்தது. அப்புறம் வந்தது 1986 ஏப்ரல் 18, இறுதி ஆட்டம், கடைசிப் பந்தில் தோல்வி. அந்த வெள்ளிதான் எல்லாவற்றையும் அழித்து எழுதியது. 1991 அக்டோபர் 25, பாகிஸ்தானின் ஆகிப் ஜாவேத் ஹாட்ரிக்கோடு 7 விக்கெட். 1994 ஏப்ரல் 22, இன்னொரு இறுதி ஆட்டம், இன்னொரு தோல்வி. மூன்றுமே வெள்ளி.

காரணம் ராசி இல்லை, லீவு. அப்போது வளைகுடாவில் கூலிக்காரனுக்கு வாரத்தில் ஒரே நாள்தான் லீவு, அது வெள்ளி. ஸ்டேடியம் நிறைய வேண்டுமென்றால் பெரிய ஆட்டத்தை அன்றைக்குத்தான் வைத்தாக வேண்டும். பைனல் எல்லாம் வெள்ளியில் வந்தால், பைனலில் வாங்கிய அடியும் வெள்ளியில்தானே விழும்? சென்னையில் ஞாயிற்றுக்கிழமை ஆட்டமாக வைத்திருந்தால் ஞாயிற்றுக்கிழமை ராசி என்றிருப்போம்.

1986 பற்றித் தனியாகக் கேட்டு ஏழெட்டுக் கடிதங்கள் வந்திருக்கின்றன. நான் அங்கே இருந்தேன். ஸ்ரீகாந்த் 75 அடித்தபோது எங்கள் வரிசையில் தமிழ் ஆட்கள் நாலு பேர் மட்டும் எழுந்து ஆடினோம். கவாஸ்கர் 92. மொத்தம் 245. அன்றைய நிலவரத்துக்கு அது போதும் போதும் என்கிற ரன். கடைசிப் பந்துக்கு அவர்களுக்கு 4 ரன் வேண்டும், கையில் ஒரே விக்கெட். நம் சேத்தன் சர்மா காலடியில் குத்தும் யார்க்கர் போட நினைத்தது, தரையில் படாமல் புல்டாஸாக வந்தது. மியான்தாத் அடித்த அந்த ஆறு எங்கே போய் விழுந்தது என்பதை நான் பார்க்கவில்லை. ஜெயித்துவிட்டோம், கூட்டம் கலைவதற்குள் கிளம்பலாம் என்று குனிந்து பெஞ்சுக்கு அடியில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். சத்தம்தான் கேட்டது. நிமிர்ந்தால் எனக்கு முன்னால் நின்றவர்கள் எல்லாரும் காற்றில் இருந்தார்கள்.

அன்று ராத்திரி ரூமில் சமையல் முறை என்னுடையது. ரசம் வைத்தேன், யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. ஒன்பது மணி வாக்கில் கதவைத் தட்டியது யாரென்று பார்த்தால் பக்கத்து ரூம் பட்டான், லாரி டிரைவர். கையில் உருதுப் பேப்பரில் சுற்றிய ஜிலேபி, அரைக் கிலோ இருக்கும். மேட்ச் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஜிலேபியை என் கையில் வைத்துவிட்டு, “உப்பு இருக்கிறதா?” என்று கேட்டு ஒரு தம்ளர் உப்பு வாங்கிக்கொண்டு போனார். அவர் வீட்டில் உப்பு இருந்தது என்று எனக்குத் தெரியும்.

அரேபியர்களுக்கும் கிரிக்கெட்டுக்கும் என்ன சம்பந்தம்? பாலைவனத்தில் ஸ்டேடியம் கட்ட யாருக்குத் தோன்றியது?
*தென்காசி கல்லூரி மாணவி*

அப்துல் ரஹ்மான் புகாதிர் என்கிற ஷார்ஜாத் தொழிலதிபருக்குத் தோன்றியது, தாயி. பாகிஸ்தானில் படித்தவர், அங்கே பிடித்த பைத்தியம். 1981-ல் கவாஸ்கர் பெயரில் ஓர் அணி, மியான்தாத் பெயரில் ஓர் அணி என்று இரண்டைக் கூட்டிவந்து ஆடவைத்தார். பழைய ஆட்டக்காரர்களுக்கு நிதி திரட்டித் தருவது என்பதுதான் ஏற்பாடு. அந்தக் காலத்தில் இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் ஓய்வு பெற்ற கிரிக்கெட்காரன் கையில் பெரிதாக ஒன்றும் இருக்காது. ஷார்ஜாவில் ஒரு கவர் கிடைத்தால் வீட்டுக்கடன் அடைபடும். 1984 ஏப்ரல் 6-ல் முதல் ஒருநாள் போட்டி நடந்தது, பாகிஸ்தானும் இலங்கையும். இன்றைக்கு உலகத்திலேயே அதிக ஒருநாள் போட்டிகள் நடந்த மைதானம் அதுதான், 240-ஐத் தாண்டிவிட்டது. லார்ட்ஸ் இல்லை, மெல்போர்ன் இல்லை. சுற்றிலும் டயர் கடையும் வெல்டிங் பட்டறையும் இருக்கிற ஷார்ஜா.

ஆனால் ‘அரேபியர்களுக்கும் கிரிக்கெட்டுக்கும்’ என்று கேட்டீர்களே, அதில்தான் தப்பு. டிக்கெட் வாங்கி உள்ளே உட்கார்ந்தது யார்? கான்கிரீட் போட்டவன், டாக்ஸி ஓட்டியவன், கடையில் ஜாமான் எடுத்துக் கொடுத்தவன். விஐபி பக்கம் பம்பாய் நடிகர்கள் வந்து உட்காருவார்கள், டி.வி.யில் அவர்களைத்தான் காட்டுவான். எங்களைக் காட்டியது ஆறு போய் விழும்போது மட்டும்.

மணல் புயல் அடித்த அன்று டெண்டுல்கர் ஆடியதை நேரில் பார்த்தீர்களா?
*கேட்டவர்கள் பதினொரு பேர். ஊர் பெயர் போட இடமில்லை*

பார்த்தேன். அரைநாள் சம்பளம் கொடுத்துப் பார்த்தேன். 1998 ஏப்ரல் 22 புதன்கிழமை, ஆஸ்திரேலியாவோடு ஆட்டம். வயிற்றுவலி என்று சொல்லிவிட்டுப் போனேன். மறுநாள் சூப்பர்வைசர் என் சட்டைக் காலரைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார், அவ்வளவு மண். சம்பளத்தில் பிடித்தது மட்டுமில்லை, அந்த மாதம் முழுக்க என்னை ‘ஸச்சின்’ என்றுதான் கூப்பிட்டார்.

காற்று முதலில் தெரியாது. விளம்பரப் பலகைகள் படபடவென்று அடித்துக்கொள்ளும். அப்புறம் விளக்குக் கம்பத்தைச் சுற்றி மஞ்சளாக ஒரு புகை. அடுத்த நிமிடம் எதிர்ப்பக்கக் கூட்டம் காணாமல் போய்விட்டது. சட்டையைத் தூக்கித் தலையில் போர்த்திக்கொண்டு குனிந்துகொண்டோம். மத்தியானத்துக்குக் கட்டிக்கொண்டு போன குப்பூஸ் ரொட்டியை அப்புறம் பிரித்துக் கடித்தால் நறநற. ஆட்டக்காரர்கள் தரையில் படுத்துக்கொண்டார்கள் என்று மற்றவர்கள் சொன்னார்கள், நான் கண்ணைத் திறக்கவில்லை.

புயல் ஓய்ந்ததும் கணக்கு மாறியது. ஜெயிக்க 46 ஓவரில் 276. பைனலுக்குப் போக மட்டும் 237 போதும், ரன்ரேட்டில் நியூசிலாந்தைத் தாண்டிவிடலாம். எங்கள் வரிசையில் ஒரு மலபாரி மளிகைக்கடைக்காரர் சிகரெட் அட்டையின் பின்பக்கம் கூட்டிக் கழித்து எல்லாருக்கும் கூவிச் சொல்லிக்கொண்டிருந்தார். 237 தாண்டியதும் நாங்கள் பைனலுக்கு வந்தாயிற்று என்று கட்டிப்பிடித்துக்கொண்டோம். டெண்டுல்கர் மட்டும் நிறுத்தவில்லை, இன்னும் ஜெயிக்கப் பார்த்தார். 143-ல் அவுட் ஆகிப் போனார். ஆட்டத்தில் தோற்றோம்.

24-ம் தேதி அதே ஆஸ்திரேலியாவோடு பைனல். வெள்ளிக்கிழமை! அவருக்கு 25-வது பிறந்தநாள், 134 ரன், 6 விக்கெட் வித்தியாசத்தில் ஜெயம். மயிலாடுதுறை சார், அப்பாவிடம் இதைச் சொல்ல முடியாமல் போனதே.

54 ஆல் அவுட்?
*ஒரே வரிதான் எழுதியிருக்கிறார், கையெழுத்துகூட இல்லை*

2000 அக்டோபர் 29, இலங்கையிடம் இந்தியா 54-க்குச் சுருண்ட ஆட்டம். ஜெயசூர்யா 189. வாஸ் 14 ரன்னுக்கு 5. நம்மில் இரண்டு இலக்க ரன் எடுத்தவர் ஒருவர்தான், நம் ராபின் சிங், 11. அந்த வருடம்தான் சூதாட்டப் புகார்கள் வெடித்திருந்தன. மறு வருடம் இந்திய அரசு, ஷார்ஜா மாதிரி இடங்களுக்கு அணியை அனுப்பமாட்டோம் என்றது. அதனால் அந்த 54-தான் ஷார்ஜாவில் இந்திய அணி ஆடிய கடைசி ஒருநாள் ஆட்டமாக நின்றுவிட்டது. அதே ராபின் சிங் 2020-ல் அமீரகக் கிரிக்கெட் போர்டின் இயக்குநராகப் போய் இறங்கினார். மண் யாரை எதற்குக் கூப்பிடும் என்று சொல்ல முடியாது.

அமீரக அணியில் அமீரக ஆளே இல்லையாமே? வெட்கமாக இல்லையா?
*சென்னை அண்ணாநகர் வாசகர்*

யாருக்கு வெட்கம்? கேள்வியில் கொஞ்சம் காரம் இருக்கிறது, ஆனால் நல்ல கேள்வி.

ஒருகாலத்தில் இருந்தார். 1996 உலகக்கோப்பையில் கேப்டன் சுல்தான் சரவானி, மண்ணின் மைந்தர். ராவல்பிண்டியில் ஆலன் டொனால்டு பந்து வீச, இவர் ஹெல்மெட் இல்லாமல் வெயில் தொப்பியோடு போய் நின்றார். பந்து தலையில் பட்டது. இன்று வரை அமீரகக் கிரிக்கெட் என்றால் எல்லாரும் அதைத்தான் சொல்லிச் சிரிக்கிறார்கள். அதே போட்டியில் நெதர்லாந்தை லாகூரில் ஜெயித்தார்களே, அதை யாரும் சொல்வதில்லை. 1994-ல் ஐசிசி டிராபியை ஜெயித்துத்தான் அங்கே போனார்கள் என்பதையும்.

மற்றபடி அணி முழுக்க எங்களை மாதிரி ஆட்கள்தான். வேலை விசாவில் வந்தவன், அல்லது வந்தவனுடைய பிள்ளை. அமீரகத்தில் நாற்பது வருடம் இருந்தாலும் குடியுரிமை கிடைப்பது குதிரைக்கொம்பு. ஆனால் மூன்று வருடம் தொடர்ந்து குடியிருந்தால் அந்த நாட்டுக்கு ஆடலாம் என்பது ஐசிசி விதி. பாஸ்போர்ட் தராத நாடு தொப்பி தரும்! குர்ரம் கான் என்று ஒருவர், எமிரேட்ஸ் விமானத்தில் பர்சர் வேலை. சாப்பாட்டுத் தட்டு கொடுத்துவிட்டு வந்து பயிற்சிக்கு நிற்பார். 2014 நவம்பரில் துபாயில் ஆப்கானிஸ்தானுக்கு எதிராக 132 நாட் அவுட் அடித்தபோது அவருக்கு 43 வயது. அந்த வயதில் ஒருநாள் சதம் அடித்தவர் உலகத்தில் வேறு யாரும் அதுவரை இல்லை.

இப்போது உங்கள் சென்னைக்கு வருகிறேன். கார்த்திக் மெய்யப்பன், சென்னையில் பிறந்த பையன், லெக் ஸ்பின். 2022 அக்டோபர் 18, ஆஸ்திரேலியாவில் ஜீலாங் மைதானம், டி20 உலகக்கோப்பை. ராஜபக்ச, அசலங்க, ஷனக என்று இலங்கைக்காரர்கள் மூன்று பேரை அடுத்தடுத்த பந்தில் தூக்கினான். அமீரகச் சட்டை போட்டு உலகக்கோப்பையில் எடுத்த முதல் ஹாட்ரிக். ஆட்டத்தில் அமீரகம் 73-க்குச் சுருண்டு தோற்றது, அது வேறு. திருத்துறைப்பூண்டியில் பகல் நேரம், நான் டீக்கடையில் டி.வி. பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது விக்கெட் விழுந்ததும் கடைக்காரரிடம் “நம்ம பையன்” என்றேன். அவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், “எந்த டீமு அண்ணே?” என்றார். எனக்கே சட்டென்று பதில் வரவில்லை.

சிஎஸ்கே 2020-ல் துபாயில் மண்ணைக் கவ்வியது, அடுத்த வருடம் அதே துபாயில் கோப்பை. என்ன மாயம்?
*ஈரோடு விசில் போடு ரசிகர்*

மாயமெல்லாம் இல்லை தம்பி, டூ பிளெஸ்ஸி 86. 2021 அக்டோபர் 15, கொல்கத்தாவை 27 ரன்னில் ஜெயித்தோம். விஜயதசமி. அன்றைக்கும் வெள்ளிக்கிழமை, குறித்துக்கொள்ளுங்கள். என் மருமகன் துபாய் டெய்ராவில் இருக்கிறார், ஸ்டேடியத்துக்குள் இருந்து வீடியோ கால் போட்டார். தெரிந்ததெல்லாம் அவர் நாடி மட்டும்தான்.

துபாயில் டாஸ் ஜெயித்தவன் ஆட்டத்தையே ஜெயித்துவிடுகிறானே, ஏன்? பாலைவனத்தில் பனி எங்கிருந்து வருகிறது?
*திருச்சி, ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர்*

கடல் பக்கத்திலேயே இருப்பதை மறந்துவிட்டீர்கள். அக்டோபரில் துபாயில் பகல் வெயில் தலையைப் பிளக்கும், பொழுது சாய்ந்தால் வளைகுடாக் கடலின் ஈரக்காற்று ஏறி வரும். தரை குளிர்ந்ததும் அந்த ஈரம் புல்லில் இறங்கும். ராத்திரி எங்கள் கடை வாசலில் நிறுத்திய வண்டிகளின் கண்ணாடியைத் துடைத்தால் துணியைப் பிழியலாம், அவ்வளவு தண்ணீர். பந்து அதில் உருண்டால் சோப்புக்கட்டி. ஸ்பின்னர் விரலில் நிற்காது, பேட்டுக்கு வழுக்கிக்கொண்டு வரும். அதனால் இரண்டாவதாக ஆடுகிறவனுக்குக் கொண்டாட்டம். 2021 டி20 உலகக்கோப்பையில் இரண்டு அரையிறுதி, இறுதி ஆட்டம், மூன்றிலுமே துரத்தியவன்தான் ஜெயித்தான். சென்னை முதலில் ஆடிக் கோப்பை வாங்கி அப்போது ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை, எனவே இதைச் சட்டமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

வருண் சக்கரவர்த்தியைப் பாருங்கள். 2021-ல் இதே உலகக்கோப்பையில் மூன்று ஆட்டம், ஒரு விக்கெட் கிடையாது. முடிந்தது அவர் கதை என்று எழுதினார்கள். 2025 மார்ச் 2, அதே துபாயில் நியூசிலாந்தை 42 ரன்னுக்கு 5 விக்கெட் எடுத்து உருட்டினார். அந்தச் சாம்பியன்ஸ் டிராபியில் துபாய் ஆடுகளம் சுழலுக்கு ஏற்ற மாதிரி மெதுவாக இருந்தது, நாமும் நாலு சுழற்பந்துக்காரர்களை இறக்கிக் கோப்பையைக் கொண்டுவந்தோம்.

பாகிஸ்தான் பத்து வருடம் அங்கே ‘சொந்த மண்’ என்று ஆடியதே, கூட்டம் வந்ததா?
*மதுரை*

2009-ல் லாகூரில் இலங்கை அணியின் பஸ்ஸைச் சுட்ட பிறகு அவர்களுக்கு வேறு போக்கிடம் இல்லை. ஒருநாள், டி20-க்குக் கூட்டம் வரும். டெஸ்ட் மேட்ச் என்றால் காலி நாற்காலிதான். திங்கட்கிழமை பகல் பதினொரு மணிக்கு எந்தக் கம்பெனி விடும்? 2016-ல் துபாயில் விளக்கு வெளிச்சத்தில் நடந்த டெஸ்டில் அசார் அலி 302 நாட் அவுட் அடித்தார். முச்சதத்தை இத்தனை கொஞ்சம் பேர் நேரில் பார்த்திருக்க முடியுமா என்று அப்போது நினைத்துக்கொண்டேன். மிஸ்பா தலைமையில் அங்கே ஒரு டெஸ்ட் தொடர்கூட அவர்கள் தோற்கவில்லை. கைதட்டத்தான் ஆள் இல்லை.

அதே ஷார்ஜாவில் அதற்கு முன்னால் நடந்ததையும் சொல்லவேண்டும். 2002 அக்டோபர், அவ்வளவு வெயிலில் ஆஸ்திரேலியாவோடு டெஸ்ட். பாகிஸ்தான் 59, அப்புறம் 53. ஹேடன் ஒருவரே 119. இரண்டு இன்னிங்ஸைக் கூட்டினாலும் அந்த ஒரு மனிதரை எட்டவில்லை, இரண்டே நாளில் மூட்டை கட்டினார்கள். மூன்றாம் நாள் போகலாம் என்று நான் எடுத்து வைத்திருந்த ஆரஞ்சு பையை ரூமிலேயே உட்கார்ந்து தின்றேன்.

என் மகன் அடுத்த மாதம் ஷார்ஜா போகிறான். கிரிக்கெட் பைத்தியம். அங்கே ஆட இடம் இருக்குமா, அல்லது வேலை வேலை என்றே போய்விடுமா?
*பட்டுக்கோட்டையிலிருந்து ஒரு தாய்*

இருக்கும் அம்மா, கவலைப்படாதீர்கள். பேட் எடுத்துப் போக வேண்டாம், பெட்டியில் எடைதான். அங்கே யாரிடமாவது இருக்கும். காலியாகக் கிடக்கிற மணல் மனை எல்லாமே மைதானம்தான். டென்னிஸ் பந்தில் எலக்ட்ரிக் டேப்பை இறுக்கிச் சுற்றி ஆடுவார்கள், பாகிஸ்தான்காரர்கள் கொண்டுவந்த வழக்கம். ஒரு பக்கம் மட்டும் கூடுதலாகச் சுற்றினால் பந்து காற்றில் பாம்பு மாதிரி வளையும். முதல் நாள் உங்கள் மகன் மூன்று பந்துக்கு மேல் நிற்கமாட்டான், சொல்லி அனுப்புங்கள். பிட்ச் இடத்தில் தண்ணீர் தெளித்து, பழைய டயரை இழுத்துச் சமப்படுத்துவோம். எல்லைக் கோடு என்பது நிறுத்தியிருக்கிற பிக்கப் வண்டி. பட்டால் நாலு, மேலே பறந்தால் ஆறு, கண்ணாடி உடைந்தால் எல்லாரும் ஓட்டம்.

நேரம்தான் முக்கியம். நாங்கள் வெள்ளிக்கிழமை விடிய ஐந்தரைக்கெல்லாம் இறங்கி, வெயில் ஏறுமுன் ஒன்பதுக்குள் முடித்து, குளித்து, தொழுகைக்குப் போகிறவர்கள் போக, மற்றவர்கள் துணி துவைப்போம். 2022 ஜனவரியிலிருந்து அமீரக அரசாங்கம் வார லீவைச் சனி, ஞாயிறுக்கு மாற்றிவிட்டது. ஷார்ஜா மட்டும் வெள்ளி, சனி, ஞாயிறு மூன்றையும் வைத்துக்கொண்டது. அது அரசு ஆபீஸ்களுக்கு. தனியார் கம்பெனியில் அவரவர் சொல்வதுதான் சட்டம், எனவே மகனுக்கு எந்த நாள் லீவு என்பதைப் போவதற்கு முன்னாலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளச் சொல்லுங்கள். இப்போதைய பெரிய பைனல்கள் ஞாயிற்றுக்கிழமைக்குப் போய்விட்டன. 2025-ல் சாம்பியன்ஸ் டிராபி பைனலும் ஆசியக் கோப்பை பைனலும் துபாயில் ஞாயிற்றுக்கிழமைதான் நடந்தன, இரண்டும் நாம் ஜெயித்தவை.

ஒரு வெள்ளைப் பனியன், தலைக்கு ஒரு துண்டு, காலுக்குப் பழைய கேன்வாஸ் ஷூ. புது ஷூ வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள், மணல் அதை ஒரே மாதத்தில் தின்றுவிடும். ஐந்தரைக்கு எழுப்ப ஆள் வேண்டுமே என்று யோசிக்காதீர்கள். பக்கத்து ரூம்காரன் வந்து கதவைத் தட்டுவான்.